மாடியில் ஒரு தாமான், கீழே ஒரு தாமான்



2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிய பின்னர், மாடியறைப் பிள்ளைக்கு இணையம் எட்டவில்லை என்று பல வீடுகளில் இரண்டாவது திசைவி ஒன்று வாங்கி மாட்டப்பட்டது. (திசைவி என நாம் எழுதலாம், கடையில் ரூட்டர் என்று கேட்டால்தான் கிடைக்கும்.) இல்லிருப்புக் கற்றல் முடிந்தும் அந்தக் கருவி பல வீடுகளில் மினுக்கிக்கொண்டுதான் இருக்கிறது. "சார், மாடிக் கணினியில் உள்ள இடுபணியைக் கீழேயிருந்து திறக்க முடியவில்லை. இணையம் மட்டும் நன்றாக ஓடுகிறதே!" என்று பெற்றோர் வியக்கிறார்கள். வேறு நல்ல கருவி வாங்கச் சொல்லிக் கடைக்காரர் அனுப்பிவிடுகிறார்.

வாங்க வேண்டியது எதுவுமில்லை என்பதே என் கருத்து. இருக்கும் கருவிகளுக்கு வழி சொல்லித் தந்தால் போதும்.

கீழ்த்தளத் திசைவி 192.168.1 எனத் தொடங்கும் முகவரிகளை வழங்குகிறது எனக் கொள்வோம். மாடித் திசைவியோ 192.168.0 எனத் தொடங்கும் இன்னொரு வலையமைப்பைத் தனக்குப் பின்னால் உண்டாக்கிவிடுகிறது. இரண்டும் வெவ்வேறு தாமான்கள். மாடியிலிருந்து வெளியேறும் ஒவ்வொரு தகவலிலும் மாடித் திசைவி அனுப்புநராகத் தன் முகவரியையே எழுதிவிடுகிறது. ஆதலால் மறுமொழி ஒழுங்காக வந்து சேர்கிறது. கீழிருந்து ஒருவர் 192.168.0.10-ஐத் தேடினாலோ, அப்படியொரு தாமான் இருப்பதே கீழ்த்தளத் திசைவிக்குத் தெரியாது. தகவலை வெளியே இணையத்தின் பக்கம் தள்ளிவிடும். அங்கே அது தொலைந்துபோகும்.

பெரும்பாலான வீடுகளுக்கு ஒரே வலையமைப்பு போதும். மாடித் திசைவியின் முகவரியை 192.168.1.2 என மாற்றுங்கள். (கீழ்த்தளத் திசைவி பிற கருவிகளுக்கு வழங்கும் எண்வரிசைக்குள் அது வரக்கூடாது.) அதன் டிஎச்சிபி சேவையை நிறுத்துங்கள். கீழிருந்து வரும் கம்பியை 'வான்' துளையிலிருந்து எடுத்து 'லேன்' துளையில் செருகுங்கள். அவ்வளவுதான்.

வீட்டில் டியூஷன் நடத்தும் ஆசிரியர்களின் நிலை வேறு. அவர்களுக்கு இரண்டு வலையமைப்பு இருப்பது நல்லதே. ஆனால் பலர் அதைத் தலைகீழாக வைத்திருக்கிறார்கள். மாடித் தாமானில் இருப்பவர் கீழே உள்ள கணினியை எட்டலாம். கீழே இருப்பவர் மாடியை எட்ட முடியாது. ஆகவே மாணாக்கரின் கைப்பேசிகள் மாடியிலும், தேர்வுத்தாள் உள்ள கணினி கீழேயும் இருந்தால் பூட்டைத் தவறான கதவில் போட்டதாகிவிடும். தேர்வுத்தாள் கணினியை மாடி வலையமைப்பிற்கும், மாணாக்கரின் கைப்பேசிகளைக் கீழ் வலையமைப்பிற்கும் மாற்றுங்கள்.

வலையமைப்பு இரண்டாகவே இருக்கட்டும், ஆனால் இருபுறமும் போக்குவரத்து வேண்டும் என்போர், 'ஸ்டேட்டிக் ரூட்' எனும் நிலையான வழியைக் கீழ்த்தளத் திசைவியில் எழுத வேண்டும். சேருமிடம் 192.168.0.0, மறைப்பு 255.255.255.0, வாயில் என்ற இடத்தில் மாடித் திசைவியின் வெளிப்புற முகவரி. அந்த முகவரி நாளை மாறாதபடி நிலைப்படுத்துவதும் கட்டாயம். வழியை எழுதிய பிறகே மாடித் திசைவியின் 'நேட்' வசதியை நிறுத்துங்கள். முந்திக்கொண்டால் மாடியில் இணையம் நின்றுவிடும். 'நேட்' வசதியை நிறுத்தவே இடம் தராத மலிவுக் கருவிகளும் உண்டு. அவற்றோடு போராடாமல் ஒரே வலையமைப்புக்குத் திரும்பிவிடலாம். இன்னொன்று: விண்டோஸின் தீயரண் தன் தாமானுக்கு வெளியிலிருந்து வரும் கோப்புப் பகிர்வுக் கோரிக்கைகளை இயல்பாகவே ஏற்காது. வழி சரியாக இருந்தும் கதவு திறக்காததற்கு இதுவே காரணமாக இருக்கும்.

இவ்வேலையை ஆறாம் ஆண்டுப் பிள்ளையிடமே கொடுக்கலாம் என்பேன். பெயரும் முகவரியும் எழுதி அஞ்சலிடத் தெரிந்த பிள்ளைக்கு இது விளங்கும். நாம் அருகில் அமர்ந்து, மாற்றும் முன் பழைய எண்களை ஒரு தாளில் குறித்துக்கொண்டால் போதும்.

உங்கள் வீட்டில் எத்தனை தாமான்கள் என்று அறிய, மாடிக் கணினியின் கட்டளைச் சாளரத்தில் 'டிரேசர்ட்' கட்டளையோடு ஏதேனும் ஓர் இணையத்தளத்தின் பெயரை எழுதிப் பாருங்கள். முதல் இரண்டு வரிகளிலும் 192.168 எனத் தொடங்கும் முகவரிகள் வந்தால் இரண்டு.