மஞ்சிட்டி: புடவைக்குச் சரி, வயித்துக்கு?

சித்தூரிலிருந்து அம்மா அனுப்பிய பார்சலில் இந்தத் தடவை முறுக்கோடு ஒரு பாக்கெட் மஞ்சிட்டிப் பொடியும் இருந்தது. "பாப்பாவுக்கு மூஞ்சியெல்லாம் பரு. ராத்திரி பால்ல கலந்து குடுடா, ரத்தம் சுத்தமாவும்" என்று போனில் உத்தரவு வேறு. பாப்பாவுக்கு வயசு 13.

எனக்கு மஞ்சிட்டி என்றால் காளஹஸ்திதான் ஞாபகம் வரும். திருப்பதியில் பெருமாளைப் பார்த்துவிட்டு, ராகு-கேது பரிகாரத்துக்கு அப்படியே 40 கிலோமீட்டர் போவோமே, அதே ஊர். கையால் வரையும் கலம்காரிக்கும் அதுதான் ஊர். அங்கே ஒரு பட்டறையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருக்கிறேன். கடுக்காயும் எருமைப்பாலும் கலந்ததில் துணியை நனைத்துக் காயவைக்கிறார்கள். பழைய இரும்பையும் வெல்லத்தையும் புளிக்கவைத்த தண்ணீரில் கறுப்புக் கோடு. சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரத் தண்ணீர். அப்புறம் அலசிவிட்டு, மஞ்சிட்டி மாதிரி சிவப்புச் சரக்குகளோடு கொதிக்கவைத்தால், படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவந்து நிற்கும். மற்ற இடத்தில் அலச அலசப் போய்விடும்.

அதாவது, இந்தச் சாயம் பிடித்துக்கொள்ள ஓர் உலோகம் வேண்டும். துணியில் அது படிகாரத்தின் அலுமினியம். உடம்பில்? கால்சியம்! 1736ல் ஜான் பெல்ச்சியர் என்ற லண்டன் டாக்டர், ஒரு சாயப்பட்டறைக்காரர் வீட்டு விருந்தில் பன்றி எலும்பு சிவப்பாக இருப்பதைப் பார்த்தார். அந்தப் பன்றி தின்றது மஞ்சிட்டிச் சாயம் கலந்த தவிடு. வளரும் எலும்பில்தான் இந்தச் சிவப்பு அதிகம் ஏறும்.

நியாயமாக ஒன்று சொல்லவேண்டும். அது ஐரோப்பிய மஞ்சிட்டி. நம்முடையது அதன் பங்காளி, இரண்டிலும் உள்ள சரக்கு ஒன்றல்ல. ஐரோப்பிய வேரைச் சிறுநீரகக் கல்லுக்குக் கொடுத்துவந்த ஜெர்மனியில், புற்றுநோய்ப் பயத்தால் 1990களில் அதை விலக்கிவிட்டார்கள். நம்ம பாக்கெட்டுக்கு வேறு கவலை. 2004ல் வெளியான ஓர் ஆய்வில், பாஸ்டன் பக்கத்து தெற்காசியக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்ததில், 14ல் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது.

நான் சித்த வைத்தியத்தையோ ஆயுர்வேதத்தையோ திட்டவில்லை. படித்த வைத்தியர் ஆளைப் பார்த்து, அளவு சொல்லி, எத்தனை நாள் என்று சொல்லிக் கொடுப்பது வேறு. பக்கத்து வீட்டு மாமி சொன்னார் என்று வளரும் பிள்ளைக்குக் கரைத்துக் கொடுப்பது வேறு.

வேடிக்கை என்னவென்றால், 1868ல் ஜெர்மானியர் இருவர் அலிசரின் என்ற சிவப்பைச் செயற்கையாகச் செய்ததிலிருந்து, புடவைக்காரரிடம் "அசல் வேர்ச் சாயமா? கெமிக்கலா?" என்று குடைவதில் அர்த்தம் இருக்கிறது. குடைகிறோம், பேரமும் பேசுகிறோம். வாயில் போடும் பொடியிடம் மட்டும் ஒரு கேள்வி கேட்பதில்லை. எந்தச் செடி? யார் சோதித்தது? எவ்வளவு? "மூலிகைதானே, கெடுதல் பண்ணாது" - அவ்வளவுதான் நம்ம ஆராய்ச்சி.

பொடியைத் தூக்கிப்போட மனசு வரவில்லை. பாப்பாவும் நானும் ஒரு வெள்ளைக் கர்ச்சீப்பை எடுத்து, பாதியைப் படிகாரத் தண்ணீரில் நனைத்து, முழுசாகப் பொடியோடு காய்ச்சினோம். அலசினால் ஒரு பாதி செங்கல் சிவப்பு, மறுபாதி சோகை பிடித்த மாதிரி. போட்டோ ஊருக்குப் போனது.

"பரு போச்சாடா?"

"இல்லம்மா, கர்ச்சீப் செவந்துடுச்சு."

நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். பரவாயில்லை. பருவுக்கு அடுத்த வாரம் டாக்டர்.