பலியும் பரிகாரமும்



தோட்டத்து முனீஸ்வரர் கோயிலில் ஆடு வெட்டி நேர்த்திக்கடன் செலுத்துவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். "பலி" என்ற சொல்லை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால், "இயேசு நமக்காகப் பலியானார் என்கிறீர்களே, ஒருவர் செய்த பாவத்துக்கு இன்னொருவர் சாவது என்ன நியாயம், சார்?" என்று பால்வெட்டும் நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். நல்ல கேள்விதான்.

பழைய ஏற்பாட்டில் லேவியராகமம் 16-ஆம் அதிகாரம் இதற்கு அடிப்படை. ஆண்டுக்கு ஒருமுறை பாவ நிவாரண நாளில் இரண்டு ஆடுகளைக் கொண்டுவருவார்கள். ஒன்று பலியாகும். மற்றொன்றின் தலைமேல் தலைமைக் குரு கைகளை வைத்து, மக்களின் பாவங்களை அறிக்கையிட்டு, அதை வனாந்தரத்துக்கு அனுப்பிவிடுவார். இயேசு தம்மையே ஒரே தரமாகக் கொடுத்துவிட்டதால் இனி ஆடு தேவையில்லை என்பது கிறிஸ்தவ நம்பிக்கை. அங்கே மனிதன் கடவுளுக்குக் கொடுக்கிறான். இங்கே கடவுளே மனிதனுக்காகத் தம்மைக் கொடுக்கிறார்.

ஒருவர் வேதனையை இன்னொருவர் சுமக்க முடியுமா? நம் நாட்டிலேயே சுமந்தவர் உண்டு. ஜப்பானியர் காலத்தில், பேராக் மாநிலத்துப் பாப்பானில், சிபில் கார்த்திகேசு என்ற கத்தோலிக்கத் தாதி, காட்டிலிருந்து வந்த போராளிகளுக்கு இரகசியமாக மருத்துவம் பார்த்தார். 1943-இல் பிடிபட்டுக் கொடிய சித்திரவதைக்கு ஆளானார். ஆனாலும் அவர்களைக் காட்டிக்கொடுக்க மறுத்தார். போர் முடிந்த பின்னும் உடல் தேறாமல் 1948-இல் இறந்தார். பலர் மேல் விழ வேண்டிய அடியை அந்த ஓர் அம்மையார் வாங்கிக்கொண்டார்.

சரி, இயேசு சுமந்துவிட்டார், இனி நமக்கு வேலையில்லை என்று இருந்துவிடலாமா? அப்படி இருக்கப் பார்த்தவன் நான்.

பல ஆண்டுகளுக்கு முன், விளையாட்டுப் போட்டிக்காக வசூலித்த பணத்தில் பத்து வெள்ளி காணவில்லை. ஒரு மாணவன் மேல் சந்தேகப்பட்டு, வகுப்பின் முன்னால் பிரம்பால் அடித்தேன். அவன் அழவில்லை. மறுவாரம் என் பதிவேட்டின் அட்டைக்குள்ளேயே அந்த நோட்டு இருந்தது. யாரிடமும் சொல்லாமல், கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். பாரம் இறங்கியது என்று நினைத்தேன். சுவாமியார், "பையனிடம் சொன்னீர்களா?" என்று மட்டும் கேட்டார்.

லூக்கா நற்செய்தி 19-ஆம் அதிகாரத்தில் சக்கேயு என்ற வரி வசூலிப்பவன் வருகிறான். ஊரே வெறுத்த அவன் வீட்டுக்கு இயேசு தாமாகவே போகிறார். அதன் பிறகே அவன், சொத்தில் பாதியை ஏழைகளுக்குத் தருவதாகவும், ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்புவதாகவும் சொல்கிறான். கவனியுங்கள்: திருப்பிக் கொடுத்ததால் அன்பு கிடைக்கவில்லை; அன்பு கிடைத்ததால் திருப்பிக் கொடுத்தான்.

மறுநாள் அதே வகுப்பின் முன்னால் நின்று, "தவறு என்னுடையது, தம்பி. மன்னித்துவிடு" என்றேன். அடி வாங்கிய அன்று அழாத பையன், அன்றுதான் அழுதான்.

சிலுவை நம் கடனைத் தீர்த்தது உண்மை. ஆனால் அடுத்த வீட்டுக்காரருக்கு நாம் தர வேண்டியதை நாமேதான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். இன்று மாலை நீங்கள் யார் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியிருக்கிறது?