கத்தாத பேய்

இந்த மாதச் சுவரிதழுக்கு என்ன எழுதப் போறேன்னு தமிழய்யா கேட்டப்ப, பேய்ப் படத்தைப் பத்தி எழுதுறேன்னு சொன்னேன். ஐயா சிரிச்சாங்க. வேண்டாம்னு சொல்லலை. அதனால் எழுதுகிறேன்.

நாம டிவியில் பார்க்கிற பேய்ப் படங்களில் பேய் வருவதற்கு முன்னாடியே நமக்குத் தெரிஞ்சிடும். முதலில் சத்தமே இருக்காது. கதவு மெதுவாத் திறக்கும். அப்புறம் "டமார்"னு ஒரு சத்தம். நாம ஐயோன்னு துள்ளுவோம், பக்கத்தில் இருக்கிறவங்க சிரிப்பாங்க. இதுக்குப் பேரு பயமா? பின்னாடி நின்னு ஒருத்தர் சாப்பாட்டுத் தட்டைக் கீழே போட்டாலும் இதே மாதிரிதான் துள்ளுவோம். படம் முடிஞ்சு பத்து நிமிஷத்தில் மறந்தும் போயிடும். ராத்திரி கொல்லைப்பக்கம் தனியாப் போகும்போது மனசுக்குள்ள ஒண்ணு கூடவே வருதே, அதுதான் பயம் என்று நான் நினைக்கிறேன். அந்தப் பயத்தை மெதுவான இசையால்தான் கொண்டுவர முடியும். அதற்கு ஒரு படத்தையும் ஒரு வகை இசையையும் சாட்சியாகச் சொல்கிறேன்.

படத்தின் பெயர் நோஸ்ஃபெராட்டு. ஜெர்மனியில் 1922-ல் வந்தது. இயக்கியவர் எஃப்.டபிள்யூ. முர்னாவ். பேசாத படம், கறுப்பு வெள்ளைப் படம். நூறு வருஷத்துக்கு மேல ஆன படத்தில் என்ன பயம் இருக்கப் போகுதுன்னுதான் நீங்களும் கேட்பீங்க.

கதை சின்னக் கதைதான். ஹட்டர் என்கிற இளைஞன் ஒரு வீட்டை விற்பதற்காக மலைநாட்டில் இருக்கிற பழைய கோட்டைக்குப் போகிறான். வீட்டை வாங்குகிற ஓர்லாக் பிரபு ரத்தம் குடிக்கிற பேய். பேய் கப்பலேறி ஹட்டரின் ஊருக்கே வந்துவிடுகிறது. கூடவே எலியும் கொள்ளைநோயும் வருகின்றன. கடைசியில் ஹட்டரின் மனைவி எல்லன் தன் உயிரைக் கொடுத்து, விடியும் வரை அந்தப் பேயைத் தன் அறையிலேயே நிறுத்தி வைக்கிறாள். சூரியன் வந்ததும் பேய் புகையாய்ப் போகிறது. (சூரிய ஒளி பட்டால் ரத்தக்காட்டேரி சாகும் என்று இப்போ எல்லாப் படத்திலும் வருதே, அது இந்தப் படத்தில் தொடங்கியதுதான். 1897-ல் பிராம் ஸ்டோக்கர் எழுதிய டிராகுலா கதையில் அவன் பகலிலும் நடமாடுவான்.)

இதில் பேய் ஓடாது, துரத்தாது, பல்லைக் காட்டிக் கத்தாது. கப்பல் வருகிற காட்சியை மட்டும் சொல்றேன். கப்பலில் இருந்த எல்லாரும் செத்துப் போயிட்டாங்க. ஓட்ட ஆளே இல்லாத அந்தக் கப்பல் பாய் விரித்தபடி துறைமுகத்துக்குள்ளே தானாக வழுக்கிக்கொண்டு வருகிறது. வேற ஒண்ணுமே நடக்காது. ஆனா அதைப் பார்க்கும்போது எனக்குக் கை சில்லிட்டுப் போச்சு. இன்னொரு இடத்தில் பேயைக் காட்டாம அதன் நிழலை மட்டும் காட்டுவாங்க. நீள நீள விரலோட அந்த நிழல் மாடிப்படி ஏறும். அவ்வளவுதான்.

இனி இசையைப் பற்றி. என் பெரியப்பா பையன் அண்ணன் கல்யாணக் கச்சேரிகளில் கீபோர்டு வாசிக்கிறார். அவர் மூலமாகத்தான் டஞ்சன் சிந்த் என்று ஒரு வகை இசை இருப்பது எனக்குத் தெரிந்தது. டஞ்சன் என்றால் கோட்டைக்கு அடியில் இருக்கும் பாதாளச் சிறை. 1990-களின் தொடக்கத்தில் நார்வே நாட்டில் இது தோன்றியது. எம்பரர் என்ற முரட்டு இசைக்குழுவில் இருந்த மார்ட்டிஸ் என்பவர் அதிலிருந்து விலகி வந்து, தனியாக கீபோர்டை வைத்து வாசித்தார். நீள மூக்கும் கூர்க் காதும் வைத்த பூத முகமூடி போட்டுக்கொண்டுதான் படம் எடுத்துக்கொள்வார்! அவருடைய ஆரம்ப கால இசையில் ஒரே பாட்டு இருபது நிமிஷத்துக்கு மேலே போகும். பாடுகிறவர் கிடையாது. பெரும்பாலும் மெதுவான ஆர்கன் சத்தம், தூரத்து முரசு, கூட்டமாக யாரோ "ஆ" என்று இழுப்பது போன்ற ஒலி. நம்ம ஊர் கீபோர்டிலும் கொயர் என்று ஒரு டோன் இருக்கும், அழுத்திப் பார்த்தவங்களுக்குத் தெரியும். அதே ரகம்தான். இவங்களில் நிறைய பேர் பெரிய ஸ்டுடியோ எதுவும் இல்லாம வீட்டிலேயே கேசட்டில் பதிவு செய்தார்கள். அதனால் ஒரு கரகரப்பும் இருக்கும். அந்தக் கரகரப்புதான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பழைய படத்தில் ஓடுகிற கோடும் புள்ளியும் மாதிரி அது.

ராஜா ராணி காலத்து ஐரோப்பாவில் உண்மையிலேயே இப்படி வாசித்தார்களா என்றால் இல்லை. அப்போ கீபோர்டு ஏது? அந்தக் காலம் இப்படி இருந்திருக்கும் என்று அறைக்குள் உட்கார்ந்து ஒருவர் கனவு கண்ட இசை இது. நோஸ்ஃபெராட்டுவும் அப்படிப்பட்ட கனவுதான். கதை நடப்பது 1838-ல் என்று சொல்வார்கள், படம் எடுத்தது 1922-ல். ஆனால் கோட்டை மட்டும் உண்மை. இன்றைய ஸ்லோவாக்கியாவில் பாறை உச்சியில் இருக்கும் ஓராவா கோட்டையில் போய் எடுத்திருக்கிறார்கள். ஊர்க் காட்சிகளை விஸ்மர், லூபெக் என்ற ஜெர்மன் ஊர்களில் எடுத்தார்கள்.

அண்ணனும் நானும் ஒரு சோதனை செய்து பார்த்தோம். கப்பல் காட்சியை லேப்டாப்பில் சத்தமில்லாமல் ஓட விட்டு, முதலில் வேகமான தாளம் வைத்து வாசிக்கச் சொன்னேன். கப்பல் ஏதோ படகுப் போட்டிக்கு வருகிற மாதிரி ஆகிவிட்டது. இரண்டாவது தடவை ஆர்கன் டோனில் கீழ் ஸ்தாயியில் இரண்டே கட்டைகளை மாற்றி மாற்றி, விரலை எடுக்காமல் அழுத்தச் சொன்னேன். எங்க பெரியம்மா அடுப்படியிலிருந்து வந்து, "அதை நிறுத்துங்கடா, விளக்கு வைக்கிற நேரத்துல என்ன சத்தம் இது"ன்னு சொன்னாங்க. அவங்க படத்தைப் பார்க்கக்கூட இல்லை!

இசை மாறினால் படமே மாறும் என்பதற்குப் பெரிய ஆட்களே செய்த சோதனை ஒன்று இருக்கிறது. 1985-ல் ரிட்லி ஸ்காட் எடுத்த லெஜண்ட் என்ற படம். ஒற்றைக் கொம்புக் குதிரை, பூதம், பெரிய கொம்பு வைத்த இருளரசன் எல்லாம் வருகிற மாயக்கதை. ஐரோப்பாவில் அது ஜெர்ரி கோல்ட்ஸ்மித்தின் வாத்தியக்குழு இசையோடு வந்தது. அமெரிக்காவில் அந்த இசையை எடுத்துவிட்டு, டேஞ்சரின் ட்ரீம் என்ற ஜெர்மன் குழுவின் சிந்தசைசர் இசையைப் போட்டார்கள். இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் பார்த்தேன். காடும் வெளிச்சமும் வருகிற இடத்துக்குக் கோல்ட்ஸ்மித் இசைதான் அழகு. இருளரசன் கண்ணாடிக்குள்ளேயிருந்து வெளியே வருகிற இடத்துக்கு எனக்கு சிந்தசைசர்தான் வேணும். அண்ணன் இதை ஒத்துக்கொள்ளவில்லை, இன்னும் சண்டை போடுகிறார்.

இங்கே ஒரு கேள்வி வரும். நோஸ்ஃபெராட்டுவுக்கு அந்தக் காலத்திலேயே ஹான்ஸ் எர்ட்மன் இசை எழுதியிருக்கிறாரே, அதை விட்டுட்டு நீ எப்படி வேற இசையைப் போடலாம்? நியாயமான கேள்விதான். ஆனால் அந்த இசை முழுசாக மிஞ்சவில்லை. படமே மிஞ்சியது பெரிய விஷயம். அனுமதி வாங்காமல் டிராகுலா கதையைப் படமாக்கிட்டாங்கன்னு ஸ்டோக்கரின் மனைவி வழக்குப் போட்டு, 1925-ல் எல்லாப் பிரதியையும் அழிக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. அதற்கு முன்னாடியே வேறு நாடுகளுக்குப் போயிருந்த பிரதிகள் தப்பித்ததால்தான் நாம் இன்று பார்க்கிறோம். அதுவும் இல்லாமல், பேசாத படக் காலத்தில் பெரிய தியேட்டரில் வாத்தியக்குழு வாசிக்கும், சின்னத் தியேட்டரில் ஒருத்தர் பியானோ வாசிப்பார். ஊருக்கு ஊர் இசை மாறிக்கொண்டுதான் இருந்தது. அப்படியென்றால் நம்ம ஊரில் மட்டும் ஒரு கீபோர்டு ஏன் கூடாது?

ஆமாம், நான் கேட்க வந்தது அதைத்தான். நம் பள்ளியில் அடுத்த தடவை படம் போடும்போது நோஸ்ஃபெராட்டு போட வேண்டும். அண்ணன் நேரில் வந்து கீபோர்டு வாசிக்க வேண்டும். பேய்ப் படம் பிள்ளைகளைக் கெடுக்கும் என்று சில ஆசிரியர்கள் நினைப்பது எனக்குத் தெரியும். அவங்களுக்காக இரண்டு விஷயம் சொல்கிறேன். ஹட்டர் வண்டியில் போகும்போது ஒரு இடத்தில் மரமெல்லாம் வெள்ளையாகவும் வானம் கறுப்பாகவும் தெரியும். பார்த்தால் வேற உலகம் மாதிரி இருக்கும். அது நெகட்டிவை அப்படியே காட்டிய வித்தை. இதை அறிவியல் பாடவேளையில் விளக்கினால், பேய் என்பதை மனுஷன் எப்படி உண்டாக்குகிறான்னு எல்லாருக்கும் புரியும்.

இரண்டாவது விஷயம் எனக்கு அதைவிட முக்கியம். ஊரில் ஆட்கள் சாகச் சாக, ஜனங்களுக்கு யாரையாவது குற்றம் சொல்ல வேண்டியிருக்கு. பைத்தியக்கார ஆஸ்பத்திரியிலிருந்து தப்பி வந்த நாக் என்பவன்மேல் பழியைப் போட்டு, ஊரே கல்லெறிந்து துரத்துகிறது. உண்மையான பேய் அப்போ பெட்டிக்குள்ள நிம்மதியா இருக்கு. இதில் இன்னொன்றும் இருக்கிறது. ஓர்லாக்கின் வளைந்த மூக்கும் அவனோடு வருகிற எலிகளும், அந்தக் காலத்தில் யூதர்களை இழிவுபடுத்தி வரைந்த படங்களைப் போல இருப்பதாக எழுதியவர்கள் இருக்கிறார்கள். அடுத்த பதினைந்து இருபது வருஷத்தில் ஜெர்மனியில் யூதர்களுக்கு என்ன நடந்தது என்று சமூக அறிவியல் டீச்சர் சொன்னால், பயம் யார் மேலெல்லாம் போய் விடியும்னு நாங்க கேட்டுக்குவோம். இதெல்லாம் பேசுவதற்கு "டமார்" படம் எதிலாவது இடம் இருக்கா?

ஆறாம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் வேண்டாம் என்றால் எட்டு, ஒன்பதுக்கு மட்டும் போடலாம். படம் சுமார் ஒன்றரை மணி நேரம். பேசாத படம் என்பதால் இடையிடையே எழுத்துதான் வரும். ஆங்கில எழுத்து வருகிற பிரதி இருக்கிறது. அதை நானும் என் தோழிகளும் முன்கூட்டியே தமிழில் எழுதி வைத்து, அங்கங்கே சத்தமாகப் படிக்கிறோம். பிரதி தேடும்போது நீல நிறம் ஏற்றிய பிரதியாகப் பார்த்து எடுக்க வேண்டும். அந்தக் காலத்தில் ராத்திரிக் காட்சியையும் பகலில்தான் எடுத்து, பிறகு நீலச் சாயம் ஏற்றினார்கள். சாயம் இல்லாத பிரதியில் பேய் பட்டப்பகலில் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்து போகும், எல்லாரும் சிரிச்சிடுவாங்க.

அண்ணனுக்கு முகூர்த்த நாளில் கச்சேரி இருக்கும். மற்ற எந்த நாள் என்றாலும் வர்றேன்னு சொல்லியிருக்கிறார். பணம் வேண்டாமாம், மதியச் சாப்பாடு மட்டும் போதுமாம். கரண்டு போனால் கீபோர்டு பேட்டரியில் ஓடும், படம்தான் ஓடாது. அதுக்கு என்ன செய்யலாம்னு ஹெச்.எம். சார்தான் சொல்லணும்.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு