"சாம்பலைக் கண்டவர் யார்?" என்று கேட்டவர்களுக்கு



பதிவு கொஞ்சம் நீளம். பிளேன்டீ ஒன்றை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள்.

போன நவம்பரில் நம்ம இறம்பொடை வட்ஸ்அப் குழுமம் இரண்டு நாள் கொதித்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். வளைகுடாவிலிருந்து லீவில் வரவேண்டிய நம்ம ஊர்த் தம்பி ஒருவர், இந்தியா வழியாக டிக்கட் போட்டிருந்தவர், விமானம் ரத்தாகி நடுவழியில் மாட்டிக்கொண்டார். காரணம் எரிமலைச் சாம்பல் என்றார்கள். உடனே ஆரம்பித்தது. "வானம் கண்ணாடி மாதிரி இருக்கு, சாம்பல் எங்கே மச்சான்?" என்றார் ஒருவர். "இதெல்லாம் டிக்கட் விலையை ஏத்துற நாடகம்" என்றார் இன்னொருவர். "எத்தியோப்பியாவில் வெடிச்சா டெல்லியில் ஏன் நிப்பாட்டணும்?" என்று ஒரு நானா குரல் பதிவே போட்டார். இந்தக் கிழமை யாரோ அதைக் கிண்டி எடுத்து மறுபடி பரப்பியிருக்கிறார்கள். "பார்த்தீங்களா, கடைசியில் ஒன்றும் நடக்கவில்லையே" என்ற தலைப்போடு.

அந்தத் தலைப்புக்காகத்தான் இதை எழுதுகிறோம்.

நடந்ததை முதலில் சரியாக வைத்துக்கொள்வோம். 2025 நவம்பர் 23, ஞாயிற்றுக்கிழமை, எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியில் ஹைலி குப்பி என்ற எரிமலை வெடித்தது. அது வெடித்ததாக அதற்கு முன் எந்தப் பதிவும் இல்லை. சாம்பல் சுமார் 14 கிலோமீட்டர் உயரத்துக்குப் போனது. மேல்காற்று அதைச் செங்கடல் தாண்டி, யெமன், ஓமான் தாண்டி, அரபிக்கடலுக்கு மேலால் இழுத்து வந்து, மறுநாள் இரவு வட இந்தியாவுக்கு மேல் நிறுத்தியது. கண்ணூரிலிருந்து அபுதாபி போன இண்டிகோ விமானம் அஹமதாபாதுக்குத் திருப்பப்பட்டது. எயார் இந்தியா 11 சேவைகளை ரத்துச் செய்து, அந்தப் பக்கமாகப் பறந்து வந்த தன் விமானங்களைச் சோதித்தது. 25ஆம் திகதி மேகம் சீனா பக்கம் நகர்ந்தது. அவ்வளவுதான்.

பயணிகள் விமானம் பறப்பது 30,000 முதல் 40,000 அடி உயரத்தில். சாம்பல் வந்ததும் அந்த உயரத்தில்தான். முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்து "காணவில்லை" என்பது, லயத்து வாசலில் நின்றுகொண்டு கொத்மலை நீர்த்தேக்கத்தின் அடியில் மீன் இல்லை என்று சொல்வதைப் போன்றது.

அடுத்தது அந்தச் "சாம்பல்" என்ற சொல். பத்தாம் வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டது: "சேர், அடுப்புச் சாம்பல் மாதிரித்தானே? ஊதினால் பறந்துடுமே?" பிள்ளை கேட்கலாம். நாற்பது வயது ஆளும் அதையே நம்பிக்கொண்டிருப்பதுதான் கவலை. அடுப்புச் சாம்பல் விறகு எரிந்து மிஞ்சியது, மெதுவானது. எரிமலைச் சாம்பல் எதுவும் எரிந்து வந்தது அல்ல. உருகிய பாறை வெடித்துச் சிதறி, நொடியில் குளிர்ந்த துகள். நுணுக்கிப் பார்த்தால் கூரான கண்ணாடிச் சில்லுகள். நீரில் கரையாது.

இனி எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஜெட் எஞ்சின் காற்றை வாரி இழுத்துத்தான் வேலை செய்கிறது. காற்றோடு இந்தக் கண்ணாடித் தூளும் உள்ளே போகிறது. முதலில் சுழலும் தகடுகளின் விளிம்பை அரம் போட்ட மாதிரி தேய்க்கிறது. பிறகு எரியறைக்குள் போகிறது. அங்கே வெப்பம் 1,400 பாகைக்கும் மேல். சாம்பல் சுமார் 1,100 பாகையிலேயே இளகிவிடும். இளகிய கண்ணாடி பின்னால் இருக்கும் டர்பைன் தகடுகளில் போய் ஒட்டுகிறது. அந்தத் தகடுகளில் குளிர்காற்று வர நுண்ணிய துளைகள் உண்டு, அவை அடைபடுகின்றன. காற்றோட்டம் குலைகிறது, எஞ்சின் மூச்சுத் திணறி அணைகிறது. கித்துள் பாணி காய்ச்சும் வீடுகளுக்கு இது விளங்கும். சூட்டில் பாகு சட்டியில் அப்பிக்கொள்ளும், ஆறினால் இறுகி உடைந்து கழரும். இந்த "ஆறினால் கழரும்" என்பதை மனதில் வையுங்கள். 263 பேரைக் காப்பாற்றியது அதுதான்.

1982 ஜூன் 24. பிரிட்டிஷ் எயார்வேஸின் போயிங் 747 விமானம், லண்டனில் புறப்பட்டு பம்பாய், கோலாலம்பூர் வழியாக அவுஸ்திரேலியா போய்க்கொண்டிருந்தது. 248 பயணிகள், 15 ஊழியர்கள். ஜாவாத் தீவுக்குத் தெற்கே இரவில் முன்கண்ணாடியில் பொறிப்பொறியாக ஒளி. கபினுக்குள் புகை போல ஏதோ. சில நிமிடங்களில் நான்கு எஞ்சினும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. காரணம் கலுங்குங் எரிமலை, விமானிகளுக்கோ அது தெரியாது. அவர்களுடைய ரேடாரிலும் ஒன்றும் தெரியவில்லை. அந்த ரேடார் மழைத்துளியைக் கண்டுபிடிக்கச் செய்தது, காய்ந்த நுண்தூளை அல்ல. 37,000 அடியில் இருந்த விமானம் எஞ்சின் இல்லாமல் சறுக்கிச் சறுக்கி 13,000 அடி அளவுக்கு இறங்கியது. மேகத்தை விட்டு வெளியே வந்ததும் எஞ்சின்கள் ஆறி, ஒட்டிய கண்ணாடி உடைந்து விழுந்து, மறுபடி பற்றிக்கொண்டன. ஜகார்த்தாவில் இறக்கும்போது முன்கண்ணாடி மணல் தாள் போட்டுத் தேய்த்தது போல மங்கிப்போய், கெப்டன் எரிக் மூடிக்கு ஓடுபாதை சரியாகத் தெரியவில்லை. அல்லாஹ்வின் கிருபை, எல்லோரும் தப்பினார்கள்.

இரண்டாவது சம்பவம் 1989 டிசம்பர் 15இல் நடந்தது. அலாஸ்காவில் ரிடவுட் எரிமலையின் சாம்பலுக்குள் ஒரு கேஎல்எம் 747 புகுந்தது. விமானிகள் செய்தது நாம் எல்லோரும் செய்யக்கூடியதுதான்: முழு வேகம் கொடுத்து மேலே ஏறித் தப்பப் பார்த்தார்கள். முழு வேகம் என்றால் கூடுதல் வெப்பம், உள்ளே போகும் சாம்பலும் கூடுதல். நான்கு எஞ்சினும் நின்றன. 14,000 அடிக்கு மேல் கீழிறங்கிய பிறகுதான் திரும்ப இயங்கின. ஆறு மாதம்கூட ஆகாத விமானம், சேதம் 8 கோடி டொலர். இன்றைக்கு விமானிகளுக்குச் சொல்லிக்கொடுப்பது இதற்கு நேர் எதிர்: வேகத்தைக் குறை, ஏறாதே, வந்த வழியே திரும்பு.

இந்த இரண்டு கதையையும் சொன்னால் "அது அடர்த்தியான சாம்பல் சேர், டெல்லிக்கு வந்தது மெல்லிசு" என்று மடக்குவார்கள். நியாயமான கேள்விதான். அதற்கும் பதில் உண்டு. 2000 பெப்ரவரியில் ஐஸ்லாந்தின் ஹெக்லா வெடித்தது. நாசாவின் டிசி-8 ஆய்வு விமானம் ஒன்று சுவீடன் போகும் வழியில் அதன் மெல்லிய விளிம்பை ஏழு நிமிடம் அளவில் கடந்தது. விமானிகள் ஒன்றையும் காணவில்லை, மணக்கவில்லை, எஞ்சின் மானிகளில் மாற்றம் இல்லை. உள்ளே இருந்த ஆய்வுக் கருவிகள் மட்டும் காட்டிக்கொடுத்தன. ஊருக்குத் திரும்பி எஞ்சினைப் பிரித்தால், நான்கிலும் குளிரூட்டும் துளைகள் அடைபட்டிருந்தன. திருத்தச் செலவு 32 இலட்சம் டொலர். ஒன்றும் நடக்காத மாதிரி இருந்த பயணம் அது.

அதனால்தான் எயார் இந்தியா விமானங்களை நிறுத்தி வைத்துச் சோதித்தது நாடகம் அல்ல. விமானம் விழவில்லை என்றால் நிறுத்தியது வீண் என்று சொல்கிறவர்கள், பிள்ளைக்குத் தடுப்பூசி போட்ட பிறகு "அந்த நோய் வரவே இல்லையே, ஊசி எதற்கு?" என்று கேட்பவர்கள்தான்.

ஆனால் மறுபக்கத்தையும் மறைக்கமாட்டோம். எல்லாவற்றையும் மூடுவது மட்டும் புத்திசாலித்தனம் ஆகாது. 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலை ஒன்றுக்காக ஐரோப்பிய வானத்தையே ஆறு நாள் போலப் பூட்டினார்கள். சுமார் ஒரு இலட்சம் பயணங்கள் ரத்து, ஒரு கோடி பேர் வழியில். அதுவரை விதி "சாம்பல் என்றால் பறக்காதே" மட்டும்தான், எவ்வளவு சாம்பல் என்ற கணக்கு இல்லை. பிறகுதான் ஒரு கனமீற்றரில் 2 மில்லிகிராம் என்று எல்லை வைத்துத் திறந்தார்கள். அந்த ஆறு நாளில் கென்யாவில் ஏற்றுமதிக்குப் பறித்த பூக்கள் அழுகின, தோட்டத்து நாட்கூலிகளை வீட்டுக்கு அனுப்பினார்கள். பேர் போட்டால்தான் சம்பளம் என்று வாழும் நம்ம மலையில் இதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

அப்போ கோபம் வரவேண்டிய இடம் எது? விமானத்தை நிறுத்தியதில் அல்ல. நிறுத்திய பிறகு ஆளை நடுவழியில் விட்டதில். ஐரோப்பாவில் சட்டம் இருக்கிறது: எரிமலை விமானக் கம்பனியின் குற்றம் இல்லைதான், ஆனாலும் காத்திருக்கும் பயணிக்குச் சாப்பாடும் படுக்க இடமும் கொடுத்தே ஆகவேண்டும். 2013இல் ஐரோப்பிய நீதிமன்றம் இதைத் தீர்ப்பாகவே சொன்னது. நம்ம தம்பிக்குக் கிடைத்தது என்ன? ஒரு குறுஞ்செய்தி. ஆங்கிலத்தில். டிக்கட் போட்டுக் கொடுத்தவரின் தொலைபேசி அணைந்திருந்தது. விமான நிலையத்துக் கதிரையில் இரண்டு இரவு. குழுமத்தில் நாம் அதைப் பற்றி ஒரு வரி பேசவில்லை. சாம்பல் பொய்யா மெய்யா என்று சண்டை பிடித்தோம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், மனம் கனக்கிறது. அந்தச் சாம்பல் நகர்ந்து மூன்று நாளில் டித்வா வந்தது. நாடு முழுக்க 600க்கும் மேற்பட்ட உயிர்கள். மலை சரியும் என்ற எச்சரிக்கை வந்தபோதும் அதே குழுமத்தில் "போன வருஷமும் இப்படித்தான் சொன்னாங்க, ஒன்றும் நடக்கவில்லையே" என்று எழுதிய கைகள் நமக்குள் உண்டு. லயத்தில் இருந்தவர்களைச் சொல்லவில்லை. அவர்களுக்குப் போக இடமே இல்லை, எச்சரிக்கை தமிழில் நேரத்துக்கு வரவில்லை என்ற குறையும் உண்டு. பாதுகாப்பான வீட்டில் இருந்து கேலி செய்தவர்களைச் சொல்கிறோம்.

சாம்பல் எச்சரிக்கைக்கு உலகத்தை ஒன்பது மையங்கள் பிரித்து எடுத்திருக்கின்றன. எத்தியோப்பியா பிரான்ஸின் துலூஸ் மையத்துக்கு உரியது, இந்தோனேசியா அவுஸ்திரேலியாவின் டார்வினுக்கு. இவர்களின் அறிவித்தல்கள் இணையத்தில் பகிரங்கமாகக் கிடக்கின்றன. அடுத்த முறை இப்படி வந்தால் பாடசாலையில் நாங்கள் அதைப் பார்த்துத் தமிழில் எழுதிக் குழுமத்தில் போடுகிறோம், இது எங்கள் பொறுப்பு. ஊரில் டிக்கட் போட்டுக் கொடுக்கும் சகோதரர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறோம்: விமானம் ரத்தானால் பயணிக்கு என்ன கிடைக்கும், யாருக்கு அழைக்கவேண்டும் என்பதை ஒரு தாளில் தமிழில் எழுதி டிக்கட்டோடு கொடுங்கள். முடியாது என்றால் ஏன் முடியாது என்று இங்கேயே கீழே எழுதுங்கள்.

தம்பியைப் பற்றி உள்பெட்டியில் கேட்டவர்களுக்கு: 26ஆம் திகதி இரவு கட்டுநாயக்கவில் இறங்கினார். பாதை இல்லாமல் கொழும்பில் சாச்சா வீட்டில் பல நாள் இருந்து, கடைசித் துண்டை நடந்தே ஏறி வந்து சேர்ந்தார். லீவில் பாதி போய்விட்டது. உம்மாவின் கையால் சோறு தின்றாயிற்று.