கருவிக்குக் குத்தகை

காவிரிக் கரையில் பிறந்தவர்களுக்கு வாரத்துக்கும் குத்தகைக்கும் உள்ள வித்தியாசத்தை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. வாரம் என்றால் விளைந்ததில் பங்கு. மழை பொய்த்தால் நிலக்காரருக்கும் அந்த வருஷம் கை கடிக்கும். குத்தகை அப்படியல்ல. விளைந்தாலும் சரி, சாவியாய்ப் போனாலும் சரி, பேசிய நெல்லை அளந்தாக வேண்டும். இந்தக் குத்தகை இப்போது நம் ஊர்ப் புகைப்படக்காரரின் கம்ப்யூட்டருக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. என் கோபம் அதைப் பற்றியதுதான்.

படத்தைத் திருத்தும் போட்டோஷாப் என்னும் சாப்ட்வேர் 1990ல் வந்தது. இருபத்து மூன்று வருஷம் அது மற்றச் சரக்குகளைப் போலவே விற்றது. ஒரு முறை பணம் கொடுத்தால் போதும். அந்தப் பதிப்பு உங்கள் மேஜையில் வேலை செய்துகொண்டிருக்கும். 2013 மே மாதம் அடோபி கம்பெனியார் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்கள். இனிப் புதிய பதிப்புகள் விலைக்கு இல்லை, சந்தாவுக்கு மட்டுந்தான் என்றார்கள். 2012ல் வந்த சி.எஸ்.6 கடைசி விற்பனைப் பதிப்பாயிற்று. புகைப்படக்காரர்களுக்கென்றே இருந்த லைட்ரூமுக்கு மட்டும் ஒரு ஜன்னல் திறந்திருந்தது. 2017ல் அதையும் சாத்திவிட்டார்கள்.

சந்தா மாதாமாதம் வரும். முகூர்த்தம் மாதாமாதம் வருமா? திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் ஸ்டூடியோ வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். தையிலும் வைகாசியிலும் தூங்க நேரமிராது. ஆடியில் கடையில் ஈ ஓட்ட வேண்டும். மார்கழியில் அரங்கனுக்கு வைகுண்ட ஏகாதசி உண்டு. புகைப்படக்காரருக்கு ஒரு கல்யாணம் கிடையாது. துறையூரிலிருந்து பச்சைமலை ஏறி, மலையாளி மக்களின் காதுகுத்துக்கும் பள்ளிக்கூட குரூப் போட்டோவுக்கும் போய் வருகிறவருக்கு, பெட்ரோல் செலவு போக மிஞ்சுவது எவ்வளவு? 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து மண்டபங்களைப் பூட்டினார்களே, அப்போது சந்தாத் தேதியையும் யாராவது பூட்டினார்களா?

எதிர்க்கட்சியார் சொல்வதையும் கேட்போம். புகைப்படக்காரர்களிலேயே சந்தாவை ஆதரிப்பவர்கள் உண்டு. “முன்பு போட்டோஷாப்புக்கு அமெரிக்காவில் 699 டாலர் ஒரே மூச்சில் எடுத்து வைக்க வேண்டும். அதற்கு வழியில்லாமல்தான் ஊரில் பாதிப் பேர் திருட்டுப் பிரதியில் காலம் தள்ளினோம். பிறகு மாதம் 10 டாலருக்குப் போட்டோஷாப்பும் லைட்ரூமும் சேர்ந்தே கிடைத்தன. கௌரவமாகத் தொழில் செய்ய முடிந்தது” என்பது அவர்கள் கட்சி. அதில் நியாயம் இல்லை என்று சொல்லமாட்டேன். முதல் போடச் சக்தியில்லாத இளைஞனுக்குச் சந்தா ஒரு வாசல்தான்.

ஆனால் கணக்கை முழுதும் போட வேண்டாமா? மாதம் 10 டாலர் என்றால் ஆறு வருஷத்தில் 720 டாலர். அன்றைய முழு விலையும் கட்டியாகிவிட்டது. கையில் இருப்பது என்ன? ரசீது! “பழைய முறையிலும் புதுப் பதிப்புக்குத் தனியாகக் கொடுத்தோமே” என்பார்கள். கொடுத்தோம், வேண்டுமென்றால் கொடுத்தோம். இந்த வருஷம் கையில் பசையில்லை, பழையதே போதும் என்று இருந்துவிட அன்று உரிமை இருந்தது. ஏழையின் ஒரே பேரம், “எனக்கு வேண்டாம்” என்று சொல்லுவது. சந்தா அந்த வாயைத்தான் அடைத்திருக்கிறது.

வாயை அடைத்த பிறகு விலை ஏறாமல் இருக்குமா? 2025 ஜனவரியில், மாதம் 10 டாலர் திட்டத்தைப் புதியவர்களுக்கு நிறுத்தினார்கள். மாதாமாதம் கட்டி வந்த பழையவர்களுக்கு அது 15 டாலராயிற்று. 2019 அக்டோபரில் இன்னொரு வேடிக்கை. அமெரிக்க அரசின் தடை உத்தரவைக் காட்டி, வெனிசுலா நாட்டிலிருந்த அத்தனை பேரின் கணக்குகளையும் நிறுத்தப்போவதாக அறிவித்தார்கள். பிறகு அரசின் அனுமதி கிடைத்து அவர்கள் தப்பினார்கள். வாங்கி வைத்த கத்தரிக்கோலை எந்த ராஜாங்கமும் இப்படித் தூரத்திலிருந்து பிடுங்க முடியாது.

பிடிக்காவிட்டால் விலகிக்கொள்ளலாமே என்கிறீர்களா? வருஷத் திட்டத்தில் சேர்ந்து இடையில் விலகினால் அபராதம் உண்டென்பதைச் சரியாகச் சொல்லாமல் மறைத்தார்கள் என்று, 2024 ஜூனில் அமெரிக்க அரசே அடோபி மீது வழக்குத் தொடர்ந்தது. விலகியவருக்கும் நிம்மதியில்லை. நம் ஊரில் கல்யாண ஆல்பம் அடுக்குவதற்குப் பழகிப்போனது போட்டோஷாப்பின் பி.எஸ்.டி. கோப்புதான். ஜிம்ப் என்னும் இலவச சாப்ட்வேர் அதைத் திறக்கும். ஆனால் எல்லா அடுக்கும் போட்டது போட்டபடி வருவதில்லை. வயலை விட்டு வெளியேறலாம்; பத்து வருஷ விளைச்சல் களஞ்சியத்தின் சாவி மட்டும் நிலக்காரரிடம்!

குத்தகைக்கு நியாயம் பேச முடியாதென்று நம் மாகாணம் ஒருநாளும் கைகட்டி நிற்கவில்லை. 1955ல் குத்தகையை ஒழுங்காகக் கட்டும் சாகுபடியாளரை வெளியேற்றக்கூடாதென்று சட்டம் செய்தது. 1956ல் நியாயக் குத்தகை இவ்வளவுதான் என்று வரம்பு கட்டியது. கருவிக்கும் அப்படி ஒரு வரம்பு கேட்டால் என்ன குற்றம்? நடக்காத காரியமும் அல்ல. சாப்ட்வேர் எழுதுகிறவர்களுக்குக் கருவி விற்கும் ஜெட்பிரெயின்ஸ் கம்பெனி 2015ல் சந்தாவுக்கு மாறியது. வாடிக்கைக்காரர்கள் கூச்சல் போட்டார்கள். பன்னிரண்டு மாதம் தொடர்ந்து கட்டியவருக்கு ஒரு பதிப்பு நிரந்தரமாகச் சொந்தம் என்று கம்பெனி இறங்கி வந்தது. கூச்சலுக்குப் பலன் உண்டு.

ஆகவே புகைப்படக்கார நண்பர்களே, உங்கள் சங்கக் கூட்டங்களில் இதைப் பேசுங்கள். கட்டிய சந்தாவுக்கு ஒரு பதிப்பு சொந்தமாக வேண்டும். விலகினாலும் பழைய கோப்பைத் திறக்க வழி வேண்டும். விலகுவதற்கு அபராதம் கூடாது. இந்த மூன்றையும் கேளுங்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருக்கவும் வேண்டாம். வரும் ஆடியில் எப்படியும் வேலை இராது. ஜிம்ப்பையும் டார்க்டேபிளையும் இறக்கிப் பழகுங்கள்; இரண்டும் இலவசம். முடித்துக் கொடுத்த ஆல்பங்களையெல்லாம் எந்தச் சாப்ட்வேரும் திறக்கக்கூடிய டிஃப் கோப்புகளாக ஒரு பிரதி எடுத்து வையுங்கள். வேறு வயல் ஒன்று கைவசம் இருக்கிறவனிடம்தான் நிலக்காரர் மரியாதையாகப் பேசுவார்.