பெட்டரிக்கு 420,000 ரூபாய்: என்ன செய்தோம்?



போன மாதம் கண்டிக்குப் போகும்போது கடுகண்ணாவை ஏற்றத்தில் எங்கள் டொயோட்டா அக்குவாவில் சிவப்பு முக்கோணம் எரிந்தது. கூடவே ஜப்பான் எழுத்தில் ஏதோ ஒன்று. பிள்ளைகள் அதை வாசித்துக் காட்டச் சொல்லிச் சிரித்தார்கள். கராஜில் ஸ்கேன் பண்ணிய பிறகு எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. ஹைபிரிட் பெட்டரி முடிந்துவிட்டதாம். புதிது போட 420,000 ரூபாய். இன்றைக்கே சொன்னால்தான் இந்த விலையாம்.

இரண்டு ஆசிரியர் சம்பளத்தில் ஓடும் வீட்டில் அந்தக் காசு எங்கே இருக்கிறது? நகையை அடகு வைத்தால் வட்டி. ஆனால் எங்களை அதிகம் உறுத்தியது ஆசிரியர் ஓய்வறையில் கிடைத்த யோசனைதான்: "அந்தக் கோட் நம்பரை அழிச்சிட்டா கொஞ்ச நாளைக்கு லைட் வராது. அதுக்குள்ள வித்துடுங்க ஸேர்." சொன்னவர் கெட்டவர் இல்லை. ஐந்து வக்தும் முன் ஸஃப்பில் நிற்பவர். அதுதான் கவலை.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடையில் நாம் ஓட்டியதெல்லாம் கை மாறி வந்த பழைய வண்டிகள். ஒவ்வொரு கையும் ஒரு பழுதை மறைத்து அடுத்த கைக்குக் கொடுத்தால்? நபி (ஸல்) அவர்கள் தானியக் குவியலுக்குள் கையை விட்டு அடியிலிருந்த ஈரத்தைக் கண்ட சம்பவத்தை ஜும்ஆவில் எத்தனை தடவை கேட்டிருப்போம்! கார் என்று வந்தால் மட்டும் அது 'பிஸ்னஸ்' ஆகிவிடுகிறது. எங்களிடம் வாங்குபவர் லீசிங் போட்டு வரும் இன்னோர் ஆசிரியராகவும் இருக்கலாம்.

ஆகவே விற்பதில்லை என்று முதலில் முடிவெடுத்தோம். பிறகுதான் பழுதை விளங்கிக்கொள்ளப் போனோம். அதை முதலில் செய்திருக்க வேண்டும்.

அக்குவா பெட்டரி ஒரே கட்டி அல்ல. 7.2 வோல்ட் மொடியூல்கள் 20 சேர்ந்து 144 வோல்ட். ஒன்றிரண்டு பலவீனமானாலும் ஸ்கேனர் முழுப் பெட்டரியையும் மாற்றச் சொல்லும் அதே கோட்டைக் காட்டலாம். இரண்டாவது கராஜில் பாஸ் ஒவ்வொன்றையும் எங்கள் முன்னாலேயே அளந்தார். மூன்றுதான் விழுந்திருந்தன. பின் சீட்டுப் பக்கம் பெட்டரிக்குக் காற்றுப் போகும் துவாரம் இருப்பதே எங்களுக்குத் தெரியாது. அதற்குள் தூசியும் பிஸ்கட் தூளும் அடைத்து, பெட்டரி சூடேறியிருக்கிறது. குற்றம் எங்களுடையது.

மூன்றையும் மாற்றி, விசிறியையும் துப்புரவாக்க 68,000. "மிச்சம் 17ம் பழசுதான். ஒரு வருஷமும் ஓடலாம், மூணு மாசத்துல இன்னொண்டு விழவும் செய்யலாம்" என்றார். அந்த வார்த்தைக்காகவே அவரிடம் கொடுத்தோம்.

முதல் கராஜ் பொய் சொன்னது என்று சொல்லமாட்டோம். நீடிப்பது புதுப் பெட்டரிதான். ஆனால் அளந்து காட்டாமல் அன்றே முடிவு கேட்பது சரியில்லை. எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்குங்கள், ரீடிங் கேளுங்கள். மாற்றுவதானால் பழைய பெட்டரியைப் பற்றியும் பேசுங்கள். அதற்கும் விலை உண்டு, நாம்தான் கராஜிலேயே விட்டுவிட்டு வருகிறோம்.

இப்போது புதுப் பெட்டரிக்கென்று மாதம் 10,000 ஒதுக்குகிறோம். பின் சீட்டில் பிஸ்கட் தடை. மொடியூல் மாற்றிய பில் டேஷ்போர்டுக்குள் இருக்கிறது. என்றைக்காவது காரை விற்றால் அதையும் சேர்த்துத்தான் கொடுப்போம், இன்ஷா அல்லாஹ்.