சாய்தளத்துக்கு வந்த கோபம்

புக்கிட் மெர்தாஜாமில் ஒரு தமிழ்ப்பள்ளி. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம். வகுப்பறை வாசலில் இரண்டு படி. பக்கத்தில் ஒரு சாய்தளம் கட்டலாமா என்பதுதான் பேச்சு. மூளை முடக்குவாதம் உள்ள ஒரு பிள்ளை அடுத்த தவணைக்குச் சக்கர நாற்காலியில் முதலாம் ஆண்டுக்கு வருகிறது. பத்து நிமிடத்தில் முடிய வேண்டிய விஷயம். அப்போது ஐயா எழுந்தார். ஊரில் நல்ல பெயர் உள்ளவர். தீபாவளிதோறும் இல்லங்களுக்கு அரிசி மூட்டை இறக்குபவர். இருபது நிமிடம் பேசினார், கைதட்டலும் வாங்கினார். அவர் பேச்சோடு போயிருந்தால் விட்டிருப்பேன். கைதட்டலை விட முடியவில்லை.

"மூளை பாதிச்ச பிள்ளைக்கு வகுப்புல என்ன வேலை?" என்று தொடங்கினார். இதில் பாதிக் குற்றம் 'மூளை முடக்குவாதம்' என்று நாம் வைத்த பெயருடையது. காதில் விழுந்ததுமே மூளை மொத்தமாக முடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறோம். உண்மையில், பிறப்பதற்கு முன்போ, பிறக்கும்போதோ, பிறந்த சிறிது காலத்திலோ வளரும் மூளைக்கு ஏற்பட்ட பாதிப்பு அது. தசைகளுக்குப் போகும் கட்டளை குழறுகிறது. அறிவுத்திறன் குறைபாடு சேர்ந்து வருவது ஏறக்குறைய இருவரில் ஒருவருக்குத்தான். மற்றவருக்கு எல்லாம் புரிகிறது. பலருக்கு நாக்குதான் ஒத்துழைக்க மறுக்கிறது. பதில் வர அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடம் காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள் 'இதுக்குப் புரியல' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். சரி, அறிவுத்திறனும் குறைந்த பிள்ளையாகவே இருக்கட்டும். பள்ளிக்கூடம் எதற்கு இருக்கிறதாம், ஏற்கெனவே எல்லாம் தெரிந்தவர்களுக்கா?

2016 ரியோ பாராலிம்பிக்கில் டி36 பிரிவு 100 மீட்டரை 12.07 விநாடியில் ஓடித் தங்கம் வாங்கிய முகமட் ரிட்ஸுவான் பூசி, மூளை முடக்குவாதம் உள்ளவர்தான். பெர்லிஸ்காரர், நம் வடக்குப் பக்கத்துப் பிள்ளை. அன்றைக்கு ஐயாவும் பெருமைப்பட்டிருப்பார். ஆனால் தங்கம் வாங்கும் பிள்ளைக்குத்தான் வாசல் திறக்கும் என்றால் அந்த விதியை எல்லாப் பிள்ளைகளுக்கும் வைப்போம். ஐயாவின் பேரனிலிருந்தே தொடங்கலாம்.

அடுத்து, மற்ற பிள்ளைகளின் தேர்ச்சி விகிதம் கெடுமாம். யூபிஎஸ்ஆர் தேர்வையே 2021இல் எடுத்துவிட்டார்கள். தேர்வு போய்விட்டது, விகிதக் கவலை மட்டும் இன்னும் மேடை ஏறிக்கொண்டிருக்கிறது.

"ஏதாச்சும் ஆயிட்டா யாரு பொறுப்பு?" என்று அடுத்த கேள்வி. அக்கறை போலவே ஒலிக்கும். 2012இல் கொல்கத்தாவில் ஸ்பைஸ்ஜெட் விமானத்தில் ஏறி உட்கார்ந்துவிட்ட ஜீஜா கோஷை இறக்கிவிட்டவர்களும் இதே அக்கறையைத்தான் காரணம் காட்டினார்கள். மூளை முடக்குவாதம் உள்ள ஜீஜா, கோவாவில் மாற்றுத்திறனாளிகள் பற்றி நடந்த மாநாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார் என்பது தனிக் கூத்து. அந்த அக்கறைக்கு 2016இல் இந்திய உச்ச நீதிமன்றம் வைத்த விலை 10 லட்சம் ரூபாய்.

கைதட்டல் அதிகம் விழுந்த இடம் வேறு. "ஊர்ல இந்த மாதிரிப் பிள்ளைங்க எங்க இருக்காங்க? நான் பார்த்ததே இல்ல. ஒத்தைப் பிள்ளைக்காகக் கட்டணுமா?" உலக அளவில் ஆயிரம் பிறப்புக்கு ஏறக்குறைய இரண்டு பிள்ளைகள் என்பது கணக்கு. நம் ஊர் மட்டும் விதிவிலக்கா? பழைய கடைவரிசையில் அஞ்சடி நடைபாதை வழியே ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிப் பாருங்கள், ஐயா. கடைக்குக் கடை தரை ஏறி இறங்கும், நடுவில் மோட்டார் சைக்கிள் நிற்கும், சாலையில் இறங்கினால் லாரி. உங்கள் கண்ணில் படாதவர்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள். படியைக் கட்டி உள்ளே வைத்துவிட்டு, வெளியே யாரையும் காணோம் என்பது என்ன நியாயம்?

பினாங்குத் தீவில் இந்தப் பிள்ளைகளுக்கென்று சங்கம் இருக்கிறதே என்றார். இருக்கிறது, நல்ல பணியும் செய்கிறது. ஆனால் படிக்கட்டு வேலையை மிச்சம் பிடிப்பதற்காக ஆறு வயதுப் பிள்ளை தினமும் பாலம் கடக்க வேண்டுமா? அதுவும் நான்கில் மூவருக்கு உடல்வலி கூடவே இருக்கும் ஒரு நிலையில்!

கடைசியில், குரலைத் தாழ்த்தி, "முன்வினை" என்றார். தாயும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். கடுமையான மஞ்சள் காமாலை பச்சிளம் பிள்ளையின் மூளையைத் தாக்கினால் இந்த முடக்குவாதம் வரக்கூடும். அதனால்தான் நம் நாட்டு மருத்துவமனைகளில் தொப்புள்கொடி ரத்தத்தில், அந்தக் காமாலையைத் தூண்டக்கூடிய ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அது இருக்கும் வீட்டில் அந்துருண்டை வைக்காதே என்கிறார்கள். மஞ்சள் ஏறினால் நீல விளக்கின் கீழ் படுக்கவைக்கிறார்கள். ஒரு தாதி கொண்டுவரும் விளக்குக்கு அடங்கிப்போகும் வினை, என்ன வினை ஐயா அது?

அவர் சொன்னதில் ஒன்று மட்டும் சரி: ஆசிரியர்களுக்குப் பயிற்சி போதாது, உதவியாளர் இல்லை. ஒப்புக்கொள்கிறேன். அதைக் கல்வி இலாகாவிடம் கேட்டிருக்க வேண்டும். அவர் கேட்டது பிள்ளையின் தாயிடம்.

சட்டம் அவர் பக்கம் இல்லை. மலேசியாவின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2008, பிரிவு 28, குறைபாட்டைக் காரணம் காட்டிப் பொதுக் கல்வியிலிருந்து யாரையும் ஒதுக்கக்கூடாது என்கிறது. 2010இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐநா உடன்படிக்கையையும் நாடு ஏற்றது. எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பாதே என்ற கல்வி அமைச்சின் கொள்கை 2019 முதல் நடப்பில் இருக்கிறது. ஆனால் அந்த 2008 சட்டம் நிறைவேறியபோது, மீறுபவருக்குத் தண்டனை என்று ஒரு வரியும் அதில் இல்லை. பல் இல்லாமல் பிறந்த சட்டம். ஐயா போன்றவர்களுக்கு அது தெரியும்.

சாய்தளம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. படி இரண்டும் சேர்ந்து ஓரடி உயரம். ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவுக் கணக்கில் பன்னிரண்டு அடி நீளம் வரும். கொத்தனாருக்கு இரண்டு மூன்று நாள் வேலை. இந்தத் தீபாவளிக்கு அரிசி வேண்டாம், ஐயா. சிமெண்டு மூட்டை இறக்குங்கள்.